மார்கழி இரவில் ஒரு தபால் பை

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பாதி கடந்துவிட்டால், இரவு படுக்கப்போகும் முன் என் வலது கை விரல்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வேன். ஜிகினா ஒட்டியிருக்கிறதா என்று. பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்த ஜிகினா வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்தது. பெத்லகேம் நட்சத்திரத்துக்கு ஜிகினா, தேவதையின் இறக்கைக்கு ஜிகினா, பொங்கல் பானையின் கழுத்துக்கு ஜிகினா. அந்த நாளில் பலரும் கவரை ஒட்ட மாட்டார்கள். மூடியை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அப்படி அனுப்பினால் கட்டணம் குறைவு. ஒட்டாத கவரின் இடுக்கு வழியே ஜிகினா உதிரும். பையைக் கவிழ்த்தால் மேஜையெல்லாம் மினுங்கும். வியர்த்த கையில் ஒட்டிக்கொண்டால் சோப்புக்கும் போகாது. விடியற்காலை வீட்டுக்குப் போனால் என் மகள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, என் புருவத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தன் நகத்தால் எடுப்பாள்.

நான் ஆர்.எம்.எஸ். என்று சொல்லப்படும் ரயில்வே தபால் பிரிவில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங் வேலை பார்த்தவன். ரயில் நிலையத்தை ஒட்டி, இரவெல்லாம் விளக்கு எரியும் ஒரு கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசலில் கோணிப் பைகள் குவிந்து கிடக்கும். தபால்காரரை எல்லாருக்கும் தெரியும். உங்கள் பெட்டிக்கும் தபால்காரரின் பைக்கும் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிற இடங்களில் கிறிஸ்துமஸ் முடிந்தால் தபால் கூட்டம் வடிந்துவிடும். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. கிறிஸ்துமஸ், அதன் முதுகிலேயே புத்தாண்டு, அது ஓய்வதற்குள் பொங்கல். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஏறும் வெள்ளம் ஜனவரி மூன்றாவது வாரத்தில்தான் இறங்கும். டிசம்பர் 25 தபால் துறைக்கு விடுமுறை. ஜனவரி 1 விருப்ப விடுமுறைப் பட்டியலில்தான் இருக்கிறது. ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். எங்கள் பிரிவுக்கு விடுமுறையும் கிடையாது. ரயில் ஓடும் நாளெல்லாம் தபாலும் ஓடும்.

ஆனாலும் டிசம்பர் 24 இரவு எங்கள் ஷிப்டில் ஒரு கிறிஸ்தவ நண்பர்கூட வேலைக்கு இருந்ததில்லை. நள்ளிரவு ஆராதனைக்கு அவர்கள் போக வேண்டும். அவர்கள் இடத்தில் நாங்கள் நிற்போம். போகிக்கு முந்தின இரவும் பொங்கலன்று இரவும் எங்கள் இடத்தில் அவர்கள் நிற்பார்கள். ரம்ஜானுக்கும் இப்படித்தான். இதற்கு உத்தரவோ பதிவேடோ இல்லை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள், அலமாரியின் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டியிருக்கும். இந்தப் பெயருக்கு எதிரே அந்தப் பெயர், அவ்வளவுதான். அந்தத் தாளை மீறியவர் ஒருவரும் இல்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் சுவரை அடைத்துக்கொண்டு சின்னச் சின்ன இழுப்பறைகளாக ஓர் அலமாரி நிற்கும் அல்லவா? இழுப்பறைகளை உருவிவிட்டு வெறும் அறைகளாக அதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அறையும் ஓர் ஊர், அல்லது ஒரு மாவட்டம். அதன் முன்னால் உட்கார்ந்து, இடது கையில் ஒரு கட்டு, வலது கையால் ஒவ்வொன்றாக எறிய வேண்டும். கண் விலாசத்தைப் படிக்கும்போது முந்தின கடிதத்தைக் கை எறிந்துகொண்டிருக்கும். பழகிய ஆளுக்குக் கை தானாகப் போகும். அறையை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இதற்கு முன்னால், பெட்டியிலிருந்து வந்த கடிதங்களைத் தலைமாறாமல் அடுக்கித் தபால்தலை மேல் தேதி முத்திரை குத்த வேண்டும். மைத்திண்டில் ஒன்று, கடிதத்தில் ஒன்று, மைத்திண்டில் ஒன்று, கடிதத்தில் ஒன்று. டப்பு, டப்பு என்று இரவு முழுக்க அந்தச் சத்தம். வாழ்த்து அட்டைக் காலத்தில் முத்திரை குத்தும் தோழர் மணிக்கட்டில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்காருவார். நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஓசை ஒரு நிமிடம் நிற்கும். முத்திரையில் தேதி எழுத்தை மாற்றுகிறார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

சரி, இந்தக் கூட்டக் காலத்தில் எது பாரம்? எண்ணிக்கையா? நிச்சயமாக இல்லை. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். ஒழுங்காக விலாசம் எழுதிய ஆயிரம் கடிதம் பாரமில்லை. அரைகுறையாக எழுதிய பத்துக் கடிதம் பாரம். அந்தப் பத்தில் ஒவ்வொன்றும் கையை நிறுத்தும். பக்கத்து ஆளிடம் காட்டுவோம். அவர் கையும் நிற்கும்.

ஓர் உதாரணம். ‘ஆத்தூர்’ என்று மட்டும் எழுதி ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வருகிறது. எந்த ஆத்தூர்? சேலம் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் ஓர் ஆத்தூர். அனுப்பியவருக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆத்தூர்தான் இருக்கிறது, அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். எங்களுக்கு மூன்று. திருப்பத்தூரும் அப்படித்தான், சிவகங்கைப் பக்கம் ஒன்று, வாணியம்பாடிப் பக்கம் ஒன்று. ஆலங்குளம் தென்காசிப் பக்கமும் உண்டு, விருதுநகர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலை இருக்கும் பக்கமும் உண்டு.

இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி வகுத்தது. அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஆறு எண்கள். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி. முதல் மூன்று எண்களைச் சேர்த்துப் பார்த்தால் எந்த மாவட்டத்துப் பைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். சேலத்து ஆத்தூருக்கு 636, திண்டுக்கல் ஆத்தூருக்கு 624, தூத்துக்குடி ஆத்தூருக்கு 628. அந்த மூன்று எண்ணைப் பார்த்தால் போதும், கை நிற்காது. ஐந்து வாரம் இரவு விழிக்கும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய உதவியை ஒருவர் வீட்டிலிருந்தபடி செய்ய முடியாது.

வாழ்த்து அட்டைக்கும் தபால் வேலைக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். தபால் மலிந்ததும் எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். 1843 கிறிஸ்துமஸுக்கு அவருக்கே பதில் எழுதி மாளவில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு படம் வரையவைத்து அட்டையாக அச்சிட்டார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த நாட்டு அட்டைகளில் சிவந்த மார்புள்ள ஒரு சின்னக் குருவி, அலகில் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ராபின். சிவப்புச் சட்டை போட்ட அந்தக் காலத்துத் தபால்காரர்களை மக்கள் ராபின் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் குருவி ஒரு தபால் ஊழியரின் படம். அங்கே 1960-கள் தொடங்கும்வரை கிறிஸ்துமஸ் நாளன்றே பட்டுவாடாவும் நடந்தது.

இப்போது ஓர் இரவைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களைச் சந்தித்தால் இன்றும் அதைப் பேசாமல் பிரிவதில்லை.

திறந்தால் பாடும் அட்டைகள் வந்த புதிது. நடுவில் ஒரு பொத்தான் அளவு பேட்டரி, அதன் பக்கத்தில் காகிதம்போல் மெல்லிய ஒலிபெருக்கி. கிறிஸ்துமஸுக்கு நான்கைந்து நாள் இருக்கும். மணி ஒன்றரை. பைகளைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, ரயிலுக்காகச் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. திடீரென்று எங்கோ ஒரு பாட்டு. கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய சத்தம். யாரோ டிரான்சிஸ்டரை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று தேடினோம். மேற்பார்வையாளரும் எழுந்து வந்தார். ஒவ்வொரு பையாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார் ஒருவர். நாகர்கோவில் பை பாடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஏதோ ஓர் அட்டை நெருக்கத்தில் விரிந்துவிட்டது. பையை அவிழ்த்து மூடிவிடலாமே என்பீர்கள். முத்திரை வைத்த பையை அப்படி அவிழ்க்க முடியாது. காரணம் எழுத வேண்டும், சாட்சி வேண்டும், மறுபடி பட்டியல் போட வேண்டும். ரயில் வர இருபது நிமிடம். பையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் பாட்டு நின்றது. விட்டால் மறுபடி ஆரம்பித்தது. எங்களில் மூத்தவர் ஒருவர், பை தூக்கித் தூக்கியே தோள் காய்த்துப்போன மனிதர், அந்தப் பையைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடமும் எழுந்திருக்கவில்லை. ‘பேட்டரி தீர்ந்துபோகும் ஐயா, அங்கே குழந்தை திறந்து பார்க்கும்போது பாட வேண்டாமா’ என்றார்.

ரயில் வந்தது. மற்றப் பைகளை எறிந்து ஏற்றினார்கள். இதை அவரே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், ரயிலின் தபால் பெட்டியில் இருந்த ஆளிடம் கொடுத்து, சாய்த்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் நாகர்கோவிலிலிருந்து வேறு வேலையாகப் பேசியவரிடம் விசாரித்தோம். பையை அவிழ்த்தபோதும் பாடிக்கொண்டுதான் இருந்ததாம். பாட்டு இழுத்து இழுத்து, முனகல் மாதிரி ஆகிவிட்டதாம். பட்டுவாடாவுக்குப் பிரிப்பதற்குள் அடங்கிவிட்டது. அட்டை சேர்ந்தது, பாட்டு சேரவில்லை. அந்த மூத்தவர் அன்று இரவு டீ குடிக்க வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. கனமான அட்டை கையில் வந்தால் கட்டைவிரலால் நடுவில் ஒருமுறை அழுத்திப் பார்ப்போம். பொத்தான் தட்டுப்பட்டால், முன்னும் பின்னும் விறைப்பான இரண்டு கவர்களை வைத்துச் சணல் நூலால் கட்டிப் பைக்குள் நிறுத்திவைப்போம். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது. கட்டைவிரல்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டது.

பார்சல்களைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்று ராணுவ அஞ்சலக எண் எழுதிய பார்சல்கள் டிசம்பரில் குவியும். ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போகும் கேக்கும் முறுக்கும். வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, தையல்மேல் அரக்கு வைத்திருப்பார்கள். துணியில் எண்ணெய் ஊறி, தையல் ஓட்டை வழியே எறும்பு வரிசை போகும். நாங்கள் அந்தப் பார்சல்களைத் தனியாக எடுத்து, நான்கு பக்கமும் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே, மரப்பலகையின் மேல் வைத்துவிடுவோம். எல்லையில் நிற்கும் பையனுக்குத் தாய் கொடுத்தனுப்பியதை எறும்பு தின்ன விடலாமா?

இதே வாரங்களில்தான் சபரிமலை சன்னிதானத்து அஞ்சலகமும் சுறுசுறுப்பாக இருக்கும். மண்டல, மகரவிளக்குக் காலத்துக்கென்றே இயங்கும் அஞ்சலகம், பின்கோடு 689713. அதன் முத்திரையில் பதினெட்டுப் படியும் ஐயப்பனும் உண்டு. சுவாமிக்கே கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குழந்தைகள் எழுதும் கடிதங்களுக்கு ‘ஹோ ஹோ ஹோ’ என்று வாசிக்கும்படி ஒரு குறியீடே ஒதுக்கியிருக்கிறார்கள். ஐயப்பனுக்கு எழுதுகிறவர்களும் பின்கோடு போடுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

வானொலி நிலையத்தார் கொடுத்த நேரம் நெருங்கிவிட்டது. கிராமத் தபால் ஊழியர்களைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று வந்தேன். நான்கு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏட்டில் அவர்களுக்கு நான்கைந்து மணி நேர வேலை. பண்டிகைக் காலத்தில் பை தாமதமாக வந்தால் அவர்கள் நாளும் தாமதமாகத்தான் தொடங்கும். டிசம்பர் மழையில் சைக்கிள் செல்லாத வரப்பில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தபால் பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு நடக்கிறவர்கள் அவர்கள். இப்போது அட்டை குறைந்து, ஆன்லைனில் வாங்கிய பெட்டிகள் கூடியிருக்கின்றன, நடை குறையவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு யாருக்காவது அட்டையோ பார்சலோ அனுப்புவதானால் டிசம்பர் 18-க்குள் போட்டுவிடுங்கள். விலாசம் எழுதி முடித்ததும் வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் திக்குகிறாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு அலமாரி முன்னால் உட்கார்ந்திருப்பவரும் அதே இடத்தில்தான் திக்குவார்.

வணக்கம்.