தவில் வித்வானைப் படமெடுக்க நினைக்கும் தம்பிக்கு

அடுத்த கேள்வி மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. வாசிக்கிறேன்: "எங்கள் தெருவில் 78 வயதுத் தவில் வித்வான் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஆசை. கையில் கைபேசி மட்டும்தான் இருக்கிறது. நல்ல கேமரா வாங்கப் பணம் சேரும்வரை பொறுக்கலாமா? பேட்டியில் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?"

பொறுக்காதீர்கள். முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். ஆனாலும் ஒரு கணக்குச் சொல்கிறேன். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1935ல் கல்கத்தாவில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 14. பாலாவைப் படமெடுக்க வேண்டும் என்று 1966ல் திட்டமிட்டார். எடுத்தது 1976ல். அதற்குள் பாலாவுக்கு 58 வயது ஆகிவிட்டது. அந்தப் படமாவது கிடைத்ததே என்று கையெடுத்துக் கும்பிடலாம், வாஸ்தவம்தான். ஆனால் 48 வயது பாலா அதில் இல்லை. ராய்க்கே பத்து வருஷம் கைநழுவிப் போனது என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

இன்னொன்று. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றி உங்கள் வித்வானிடம் கேட்டுப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். தெட்சணாமூர்த்தி 1975ல் காலமானார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் வந்தது 2015ல். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. நாயகன் போய் நாற்பது வருஷம் கழித்து, மிஞ்சியிருக்கிற ஒலிப்பதிவையும் கேட்டவர்களின் நினைவையும் வைத்து ஒரு மனிதரைத் திரும்ப எழுப்புவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் நாயகர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேமராவுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

பேட்டிக்கு வருவோம். இதில் நான் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் முதல் படத்துக்காக ஒரு நாகசுரக்காரர் வீட்டுக்குப் போனேன். முன்கூட்டியே தேதி சொல்லியிருந்தோம். போனால் பட்டுச் சட்டை, கழுத்தில் சங்கிலி, நெற்றி நிறைய விபூதி, வாங்கிய கேடயங்கள் அத்தனையும் பின்னால் வரிசையாக. 'கலை என்பது ஒரு தவம்' என்று தொடங்கினார். நான்கு மணி நேரம் பேசினார். அத்தனையும் மேடைப் பேச்சு. அவருடைய மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் விளக்குகளை அணைத்ததும், "இவ்வளவு நேரம் பேசியது யார்? எங்கள் வீட்டு ஆளா?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

அந்த மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே சீவாளிகள், நாகசுரத்தின் நுனியில் மாட்டி ஊதும் நாணல் துண்டுகள். ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்தார். காக்கை கத்துவதுபோல் ஒரு சத்தம். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை ஒதுக்கி வைத்தார். அடுத்தது. அதையும் ஒதுக்கினார். மூன்றாவதை ஊதிக்கொண்டே, இதே மாதிரி ஒரு மோசமான சீவாளியோடு திருவிழா இரவு முழுவதும் ஊதிச் சமாளித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் தேடி வந்த படம் அதுதான். கேமரா அப்போது பெட்டிக்குள் போயிருந்தது. மறுநாள் போய், "நேற்றுச் சொன்னதை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டோம். மறுபடி பட்டுச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

ஆகவே, முதல் சில நாட்கள் கைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். சும்மா போய் உட்காருங்கள். வீட்டில் யார் பேசுகிறார்கள், யார் திருத்துகிறார்கள் என்று கவனியுங்கள். திருத்துகிற ஆள் உங்கள் படத்துக்கு மிக முக்கியம். பிறகு எடுக்கும்போது, அவருடைய கைக்கு ஏதாவது வேலை இருக்கிற நேரமாகப் பார்த்து எடுங்கள். தவில்காரருக்கு வேலைக்கா பஞ்சம்? வலக்கை விரல்களுக்குக் கூடு செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். துணியைக் கிழித்து, பசை தடவி, விரல் அளவுக்குச் சுற்றிச் சுற்றிக் காயவைப்பார்கள். காய்ந்தால் கட்டைபோல் இறுகிவிடும். அதைத் தட்டிப் பார்ப்பது, விரலில் மாட்டிப் பார்ப்பது, சரியில்லை என்று முணுமுணுப்பது எல்லாம் படத்தில் வர வேண்டியவை. இடக்கைக்குப் பூவரசங்கழி. அதை எங்கே வெட்டினார், எப்படிச் செதுக்கினார்?

'நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?' என்று கேட்டால் மூன்று பெயர்கள் கிடைக்கும், அதோடு சரி. 'இந்தக் கூட்டை முதன்முதலில் உங்கள் விரலில் மாட்டிவிட்டது யார்?' என்று கேட்டுப் பாருங்கள். குரு வீடு வரும், அடி வரும், பசி வரும். நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. பொருளைக் காட்டித்தான் கேட்கிறேன்.

ராயின் இன்னொரு படம் இதற்கு நல்ல பாடம். 1972ல் எடுத்த 'தி இன்னர் ஐ'. சாந்திநிகேதனில் தமக்கு ஆசிரியராக இருந்த ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றியது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுவதும் போய்விட்ட மனிதர். நம்மில் ஒருவர் எடுத்தால் சோக வயலினோடு தொடங்கியிருப்போம். ராய் வேலையிலிருந்து தொடங்குகிறார். சுவர் ஒன்றுக்காக ஓடுகளில் உருவங்கள் செய்து அடுக்கும் வேலை நடக்கிறது. செய்பவர் பார்வையற்றவர். பரிதாபப்பட நமக்கு நேரமே கிடைப்பதில்லை.

அதே ராயிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பாலா படத்தில் 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலைக் கடற்கரையில் வைத்தார். காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது, பின்னால் அலை. முகத்தில் இருக்க வேண்டிய என் கண் புடவைத் தலைப்பின் மீது போய்விடுகிறது. கடைசியில் வருகிற பதவர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியில்தான் எனக்கு முழு பாலா கிடைக்கிறார். ராய் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: வித்வானைக் காவிரிக்கரைக்கு அழைத்துப் போய், சூரியன் மறையும் நேரத்தில், டிரோன் பறக்கவிட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள்.

கைபேசியில் எடுக்கும் படம் போதும், அதில் பதிவாகும் ஒலி போதாது. கைபேசி ஒலியின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தவிலின் முதல் அடி விழுந்ததும் பயந்து அமுக்கிவிடும். பணம் இருந்தால் கேமராவுக்குச் சேர்க்காமல் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வாடகைக்கு எடுங்கள். தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அதில் அணைத்துவிடுங்கள். தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் நாதம் வேறு, இடப்பக்கமான தொப்பியின் நாதம் வேறு. ஒரு பக்கமாக மைக்கை நீட்டினால் பாதித் தவில்தான் பதிவாகும். கொஞ்சம் தள்ளி, இரண்டும் கேட்கிற இடமாக வையுங்கள். "ஐயா, உச்சமாக ஒரு தீர்மானம் வாசியுங்கள்" என்று கேட்டு (தீர்மானம் என்பது வாசிப்பை முடிக்கும் தாளக் கோவை), அந்தச் சத்தத்திலும் கருவி காட்டும் ஒலியளவு சிவப்பைத் தொடாதபடி வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். வியர்த்தால் வியர்க்கட்டும், அவருக்கு விசிறிவிட ஓர் ஆளை உட்காரவையுங்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. தியாகராஜர் கீர்த்தனைக்கு இன்று யாரும் காப்புரிமை கேட்க முடியாது. ஆனால் அதை ஒருவர் வாசித்து ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலித்தட்டுக்குத் தனி உரிமை உண்டு. வானொலிப் பதிவும் அப்படித்தான். ஆகவே உங்கள் பெரியவர் உங்களுக்காக வாசித்ததையே பயன்படுத்துங்கள். அவரிடம் தமிழில் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் பேரன்களிடம் அலைய வேண்டிவரும்.

கடைசியாக, எடுத்ததை எங்கே வைப்பீர்கள்? இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் 1937ல் தொடங்கி நாடு நாடாக அலைந்து, காந்தியைப் பலர் எடுத்த படச்சுருள்களில் 50,000 அடி சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடிப் படம் செய்து 1940ல் தமிழில் வெளியிட்டார். தியேட்டரில் ஓடிய அந்தத் தமிழ்ப் படம் தொலைந்து போனது. 1953ல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவம் ஒன்று பல காலம் கழித்துத் தேடிக் கண்டெடுக்கப்பட்டது. அத்தனை பெரிய உழைப்புக்கே இந்த கதி. நீங்கள் எடுப்பதை இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒன்று அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

அங்கே போகும்போது பரணையும் பார்க்கச் சொல்லுங்கள். தவில்காரர் வீட்டுப் பரணில் பழைய ஒலிநாடாப் பெட்டி ஒன்று இருக்கும், கல்யாணக் கச்சேரியில் யாரோ பதிவு செய்து கொடுத்ததாக. ஆசைப்பட்டு அங்கேயே ஒரு பழைய டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள், பூஞ்சை பிடித்திருந்தால் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். பெட்டியோடு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.