பவுன், பவுண்டு, காம்பவுண்டு

அவையோருக்கு வணக்கம். நல்ல ஆங்கில அகராதி ஒன்றில் 'பவுண்டு' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 1, 2, 3 என்று எண் போட்டு மூன்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்றால் ஒரே பதிவின் கீழ் அடுக்கிவிடுவார்கள். எண் போட்டுப் பிரித்திருந்தால் அவை வேறு வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது என்று பொருள். நம்முடைய 'ஆறு' மாதிரி: ஓர் எண், ஒரு நதி, சூடு ஆறுவது.

முதலாவது, எடை. லத்தீனில் 'லிப்ரா போந்தோ' என்றால் 'நிறையில் ஒரு லிப்ரா'. ஆங்கிலம் சொல்லை வாலிலிருந்து எடுத்தது, சுருக்கத்தைத் தலையிலிருந்து எடுத்தது. அதனால்தான் பவுண்டு என்று வாசிக்கிறோம், எல்.பி. என்று எழுதுகிறோம். ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னி அடித்தார்கள். எடையின் பெயர் பணத்துக்கும் வந்தது. வெள்ளியின் அளவு தேய்ந்த பிறகும் அந்த 240 மட்டும் 1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் நீடித்தது. அன்றுதான் பவுண்டுக்கு 100 பென்னி ஆனது.

1817-இல் ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்க நாணயம், சாவரின், வெளிவந்தது. நம்முடைய பவுன் அதுதான். பொன்னை நிறுக்கும் டிராய் பவுண்டு 373.24 கிராம். அவ்வளவு 22 காரட் தங்கத்தில் 46.725 நாணயம் என்பது கணக்கு. வகுத்தால் ஒரு நாணயம் 7.988 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நகைக்கடைப் பவுன் இதை முழுசாக்கிய 8 கிராம். எனவே பழைய சாவரின் ஒன்றைத் தராசில் வைத்து எட்டு கிராம் வரவில்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். 12 மில்லிகிராம் குறைவது நாணயத்தின் குற்றமல்ல.

மளிகைக்கான பவுண்டோ 453.59 கிராம். அதில் 16 அவுன்ஸ், டிராயில் 12. ஆகவே ஒரு பவுண்டு பஞ்சு ஒரு பவுண்டு தங்கத்தைவிடக் கனம். ஆனால் அவுன்சுக்கு அவுன்சு பார்த்தால் தங்கம்தான் கனம்: 31.1 கிராம், பஞ்சு 28.35. உலகச் சந்தையில் அவுன்சுக்குச் சொல்லும் தங்க விலையைக் கிராமுக்கு மாற்றுகிறவர்கள் 28.35-ஆல் வகுத்துவிட்டுத் திகைப்பது இதனால்தான்.

இலங்கைத் தமிழர் இந்த எடையை இறாத்தல் என்பார்கள். 'ஒரு இறாத்தல் பாண்', அதாவது ரொட்டி, என்பது கடையில் இன்றும் கேட்கிற பேச்சு. அது அரபு 'ரத்ல்'. ரத்ல் கிரேக்க 'லித்ரா'விலிருந்து எழுத்து இடம் மாறி வந்தது. அந்த லித்ராவும் லத்தீன் லிப்ராவும் உறவுக்காரர்கள். சுற்றிவளைத்து வந்தாலும் எல்.பி. வீட்டுப் பிள்ளைதான்.

இரண்டாவது பவுண்டு, அடைப்பிடம். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்தார்கள் என்பது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்திலும் வரும் பேச்சு. குளத்தைக் குறிக்கும் 'பாண்ட்' இதே சொல்லின் மறு உச்சரிப்பு. கரை கட்டி அடைத்த நீர். மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குவது இங்கேதான். முன்னால் எண்ணோ தொகையோ இருந்தால் எடை அல்லது பணம். நாயோ வண்டியோ 'உள்ளே' இருந்தால் அடைப்பிடம். அடைப்பிடம் என்றதும் காம்பவுண்டு சுவரை நினைக்காதீர்கள். அது மலாய்க் 'கம்போங்', அதாவது குடியிருப்பு, ஆங்கிலேயர் வாயில் திரிந்தது என்பதே அகராதிக்காரர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம்.

மூன்றாவது, இடிப்பது. பழைய ஆங்கிலத்தில் 'பூனியன்'. கடைசி 'ட்' பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு 'சோன்' சவுண்டு ஆனதும் இதே பழக்கத்தால்தான். எடைப் பவுண்டுக்கோ அந்த 'ட்' பிறவியிலேயே உண்டு. நாம் அதைத்தான் விழுங்கிவிட்டுப் பவுன் என்கிறோம்! இந்த வினையை மொழிபெயர்க்க ஒரே சொல் போதாது. உரலில் இடிக்கும், கதவைத் தட்டும், அலை மோதும், நெஞ்சு படபடக்கும்.

பழைய ஆஸ்பத்திரிக் காம்பவுண்டர் கல்வத்தில் மருந்தை இடித்தவர்தான். ஆனால் பெயர் இடித்ததால் வரவில்லை. 'சேர்த்து வை' என்னும் லத்தீன் 'கொம்போனெரே'யிலிருந்து, கலந்து கொடுத்ததால் வந்தது. அதிலும் கடைசி 'ட்' ஒட்டுதான்.