படம் எங்கே, சொல் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். படம் காட்டிச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் புரியும் என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் படத்தை எந்த நேரத்தில், எந்தச் சொல்லோடு காட்டுகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்வோம். கைப்பிடியை மேலே இழுத்தால் பிஸ்டன் உயரும். உள்வால்வு திறக்கும், வெளிவால்வு மூடிக்கொள்ளும், சிலிண்டருக்குள் காற்று வரும். கீழே அழுத்தினால் உள்வால்வு மூடி, வெளிவால்வு திறந்து, காற்று குழாய் வழியாக டயருக்குப் போகும். பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லச் சொல்லவே இது மனக்கண்ணில் ஓடியிருக்கும். மற்றவர்கள் வால்வு என்ற இடத்திலேயே நின்றிருப்பார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், ஆண்டர்சன் என்பவரோடு சேர்ந்து 1991-ல் வெளியிட்ட ஆய்வு இதே பம்பைப் பற்றியதுதான். இயந்திரங்களில் பழக்கம் குறைவான கல்லூரி மாணவர்களில் ஒரு குழு விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, அப்புறம் அனிமேஷனைப் பார்த்தது. இன்னொரு குழு இரண்டையும் ஒரே நேரத்தில் பெற்றது. இரண்டு குழுவுக்கும் அதே படம், அதே விளக்கம்தான். நேரம் மட்டுமே வேறு. பிறகு, பம்பை அடித்தும் காற்று வரவில்லையென்றால் என்ன கோளாறு இருக்கலாம் என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டார்கள். ஒரே நேரத்தில் பார்த்துக் கேட்டவர்களே நன்றாகப் பதில் சொன்னார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. அதில் வேறொரு சோதனையில், படமே இல்லாமல் விளக்கத்தை மட்டும் கேட்டவர்களும் அதை நினைவிலிருந்து திருப்பிச் சொல்வதில் பின்தங்கவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கச் சொன்னபோதுதான் தடுமாறினார்கள். பாடத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் தேர்வில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. படம் எதற்கு, நோட்ஸ் போதுமே என்று தோன்றிவிடும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

சரி, படம், பேச்சு, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டிவிடலாமா? கூடாது. மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை வைத்து மேயர் குழுவினர் 2001-ல் இதையும் சோதித்தார்கள். பேச்சோடு ஓடும் அனிமேஷனின் அடியில் அதே வாக்கியங்களை எழுத்திலும் போட்டபோது, புரிதல் குறைந்தது. எழுத்தையும் படத்தையும் ஒரே கண்தான் பார்க்க வேண்டும். ஒன்றைப் படிக்கும்போது மற்றது நழுவிவிடுகிறது.

ஸ்மார்ட் போர்டில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஸ்லைடில் பத்தி பத்தியாகப் போட்டு அதையே வாசிக்காதீர்கள். இதயத்தின் படமென்றால், அ, ஆ, இ என்று குறித்துவிட்டுப் பெயர்களைக் கீழே பட்டியலாகத் தராமல், அந்தந்த அறையின் மேலேயே எழுதுங்கள். விரலால் தொட்டுக்காட்டியபடியே, ரத்தம் போகும் வழியை வாயால் சொல்லுங்கள். முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, "இந்த வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் எங்கே போகும்?" என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.