கோடு போட்டது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "குழந்தைப் பருவம் இயற்கை தந்ததா, சமூகம் வகுத்ததா?" என்பது தலைப்பு. சமூகம் வகுத்ததே என்று பேச வந்திருக்கிறேன்.

"எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் பால்பல் விழுகிறது, குரல் உடைகிறது. சட்டம் போட்டா நடக்கிறது?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, பல் விழுவது இயற்கைதான். பல் விழுந்த பிள்ளை பள்ளிக்குப் போவதா, ஆலைக்குப் போவதா என்பதையும் இயற்கையா முடிவு செய்கிறது?

நீங்கள் பல்லை எடுத்தீர்கள், நானும் பல்லிலிருந்தே வருகிறேன். பிரிட்டனின் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பட்டாலைகள் நீங்கலாகத் துணி ஆலைகளில் 9 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. வயதுக்கு என்ன சான்று? இங்கிலாந்தில் அரசின் பிறப்புப் பதிவே 1837-இல்தான் தொடங்கியது. பிள்ளையை மருத்துவர் முன் நிறுத்தி, ஒன்பது வயதுக்குரிய தோற்றமும் வலுவும் இருப்பதாக எழுதி வாங்கினார்கள். உயரத்தைவிடப் பல்லை நம்பலாம் என்று எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-இல் நாடாளுமன்றத்துக்கே எடுத்துச் சொன்னார். நினைத்துப் பாருங்கள், வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிய ஒரு பிள்ளை வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறது! பல் எப்போதும் முளைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆலை வாசலில் அதை எண்ண வைத்தது சட்டம்.

அந்த ஒன்பதாவது இயற்கை சொன்ன கணக்கா? 1842-இல் அதே நாட்டில் சுரங்கச் சட்டம் வந்தது. நிலத்தடி வேலைக்கு 10 வயது நிரம்பாத சிறுவர்கள் கூடாது என்றது. அதுவரை ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூட இருட்டில் தனியே உட்கார்ந்து, வண்டி வரும்போதெல்லாம் காற்றுக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். சுரங்கப் பிள்ளைகளைப் பற்றி அப்போது நடந்த அரசு விசாரணையின் அறிக்கைச் செய்திகளைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆக, ஒன்பது வயதுப் பையன் சுரங்க வாசலில் குழந்தை, பஞ்சாலை வாசலில் தொழிலாளி. ஒரே பையன், ஒரே பல்!

பழங்கதை என்பீர்களா? இன்றைக்கு வாருங்கள். செய்த குற்றத்துக்கு வழக்குப் போடக்கூடிய வயது, அதாவது குற்றப் பொறுப்பு, இங்கிலாந்தில் 10 வயதில் தொடங்குகிறது. எட்டாக இருந்த அந்த வயதை ஸ்காட்லாந்து 12 ஆக்கிவிட்டது. தீவு ஒன்றுதான். பதினோரு வயதுப் பிள்ளை எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றால் வழக்கு, அந்தப் பக்கம் நின்றால் இல்லை.

நம் மொழிக்குள்ளேயும் சாட்சி உண்டு. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் மரபில் பரவலாகச் சொல்லும் கணக்கில், பேதை, பெதும்பை என்ற முதல் இரண்டு பருவங்களையும் கடந்த பெண் 12 வயதிலேயே மங்கை. 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையில், பொதுவாக 18 வயது வரை அவள் குழந்தை. உடம்பா மாறியது? பார்வை மாறியது.

"தாய்ப்பாசம் அன்றும் இன்றும் ஒன்றுதானே" என்றார் எதிரணிச் சகோதரி. பாசத்தை நான் மறுக்கவே இல்லை அம்மா. ஆனால் பாசம் உள்ளவர்களும் அடித்து வளர்ப்பதே கடமை என்று நம்பினார்கள். உலகில் முதல் நாடாக ஸ்வீடன் 1979-இல் பெற்றோர் அடிப்பதையும் சட்டப்படி தடுத்தது. பாசம் அப்படியே இருக்க, அதன் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கியது சமூகம்.

நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒரே ஒரு கேள்வி. குழந்தைப் பருவம் இயற்கை எல்லோருக்கும் கொடுப்பது என்றால், அந்தச் சுரங்கக் கதவருகே இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது ஏன் கிடைக்கவில்லை? அடுத்துப் பேச வருபவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.