சூடானுக்குத் தண்ணீர் வேலைக்குப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. அங்கே மாட்டிக்கொண்ட இந்தியர்களை மீட்டு வந்த நடவடிக்கைக்கு நம் அரசு வைத்த பெயர் ‘ஆபரேஷன் காவேரி’. நம்மவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்? நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே கெசிரா என்று ஒரு பெரிய வாய்க்கால் பாசனப் பகுதி இருக்கிறது. 1925-இல் சென்னார் அணையைக் கட்டி உண்டாக்கியது. அங்கேயும் போர் புகுந்தது. கரன்ட் போனால் நீரேற்று நிலையம் நிற்கும், ஜனங்கள் ஆற்றிலும் கால்வாயிலும் அள்ளிக் குடிப்பார்கள், பின்னாலேயே காலரா வரும். வந்தது.

ஆகவே உதவிக்குப் போக நினைக்கும் குழுவுக்கு என் யோசனை, தண்ணீர் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

முதலில், எதை எடுத்துப் போகக் கூடாது? பழந்துணி வேண்டவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகத் துணி கிடந்ததை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசியும் வேண்டாம். நமக்குப் பொன்னி உசத்தி. அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு சோள மாவில் கிளறும் அஸீதா. கப்பல் கூலி கொடுத்து அரிசி அனுப்புகிற பணத்தில் அங்கேயே சோளம் வாங்கலாம். ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் தெருத்தெருவாக உள்ளூர் இளைஞர்களே சமையல்கூடம் நடத்துகிறார்கள். மருந்து அனுப்பினால் போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடக் கெடு மிச்சம் இருக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் அட்டையில் இருக்க வேண்டும். டாக்டர் கொடுத்த சாம்பிள் அட்டைகளைச் சேர்த்துக் கட்டுவது உதவியே இல்லை. இன்னொன்று: பெட்டியில் செஞ்சிலுவை வரையாதீர்கள். அனுமதியில்லாமல் அந்தச் சின்னத்தைப் போடுவது நம் நாட்டிலேயே 1960-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். போர்க்களத்தில் அதன் மதிப்பைக் கெடுப்பது அதைவிட மோசம்.

இனி தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர் என்பது நிவாரண வேலையில் உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. 10,000 லிட்டர் பிடிக்கும் ரப்பர் பை ஒன்று, ஆறு குழாய் வைத்த ஸ்டாண்ட் ஒன்று என்று வைத்துக்கொண்டால் 1,500 பேருக்கு 22,500 லிட்டர் வேண்டும். பையை ஒரு நாளில் இரண்டேகால் தடவை நிரப்பியாக வேண்டும். நிறைந்த பை பத்து டன். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தால் பை மெல்ல மெல்ல உருண்டு இறங்கும், நிறுத்த யாராலும் முடியாது. மண்மூட்டை அடுக்கி மேடை கட்டி, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, கல் முள் இல்லாமல் பெருக்கி, தார்ப்பாய் விரித்த பிறகுதான் பையைப் பிரிக்க வேண்டும். மேடை குழாயைவிட ஒன்றரை மீட்டராவது உயரம் இருந்தால்தான் கடைசிக் குழாயிலும் தண்ணீர் விழும்.

நீல நைலில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஓடுவது ஆடியில் நம் ஆற்றில் வரும் செந்தண்ணீர் மாதிரி. அதில் நேரே குளோரின் கொட்டினால் மண்ணே குளோரினைத் தின்றுவிடும். படிகாரம் கலந்து சில மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் பைக்கு இறைக்க வேண்டும்.

பிறகு குளோரின் அளவு. இங்கேதான் நிறையப் பேர் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டருக்கு 33 கிராம், எச்.டி.எச். என்ற 70 சதவீதக் குளோரின் துகள் என்றால் 15 கிராம். கலக்கினால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி நான்கு எடுங்கள், இரும்பு வாளி ஆகாது. தெளிந்த தண்ணீரை நிரப்பி, முதல் வாளியில் 1 மில்லி, அடுத்ததில் 1.5, அடுத்ததில் 2, கடைசியில் 5 மில்லி கரைசல் ஊசியால் விடுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். எந்த வாளியில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2-லிருந்து 0.5 மில்லிகிராம் நிற்கிறதோ அதுதான் கணக்கு; அதைச் சோதிக்கும் விதத்தைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது வாளி என்று வையுங்கள், பைக்கு 750 மில்லி. மழை பெய்தால், தண்ணீர் எடுக்கும் இடம் மாறினால், மறுபடியும் வாளி.

பிளீச்சிங் பவுடர் வெயிலில் வீரியம் இழக்கும்; 40 டிகிரிக்கு மேல் காயும் ஊரில் திறந்த மூட்டை சில வாரத்தில் சுண்ணாம்புதான். எச்.டி.எச். தாங்கும், ஆனால் விமானத்துக்கு அது ஆபத்தான சரக்கு. பயணப் பையில் வைத்தால் ஏர்போர்ட்டிலேயே எடுத்துவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் அமைப்புகளிடம் முன்கூட்டிக் கேட்டு வைப்பதே வழி.

காகித வேலை சுருக்கமாக. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கிடைக்கும். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சூடானுக்குள் நகர அந்நாட்டு மனிதாபிமான உதவி ஆணையத்தின் அனுமதி வேண்டும், சோதனைச் சாவடிகளில் அதைத்தான் கேட்பார்கள். அரபி தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்களைக் கேளுங்கள். சூடான் அரபி வேறு மாதிரி என்றாலும் ஒப்பேற்றிவிடுவார்கள்.

தண்ணீரின் நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் பார்க்கும் கையடக்கச் சோதனைப் பெட்டிக்குப் பூல் டெஸ்டர் என்று பெயர். அதற்கு டி.பி.டி. ஒன்றாம் நம்பர் என்ற நிறம் காட்டும் மாத்திரை, சீக்கிரம் கரையும் வகை வாங்குங்கள். போட்டோமீட்டர் என்ற அளவுக் கருவிக்கான வகை இதில் சரியாகக் கரையாது. கையால் தொடாமல் அட்டையிலிருந்தே உதிர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் இருக்கிறது. நிறமே வரவில்லை என்றால் அவசரப்பட்டு இன்னும் கொட்டாதீர்கள்: குளோரின் மிக அதிகமானாலும் நிறம் வெளுத்துப்போகும். குளோரின் சேராத நல்ல தண்ணீர் பத்து பங்கு சேர்த்து மறுபடி பாருங்கள்.

குழு திரும்பிய பின் அந்தப் பையை நடத்தப்போவது உள்ளூர்க்காரர்கள். பவுடர் எப்படியாவது கிடைத்துவிடும், மாத்திரை கிடைக்காது. மாத்திரை தீர்ந்தால் மறுநாளே குத்துமதிப்புதான். நாளைக்கு நான்கு சோதனை என்றால் ஆறு மாதத்துக்கு 720 மாத்திரை. மற்ற எதையும் கட்டுவதற்கு முன் அதை எண்ணிப் பெட்டியில் வையுங்கள். வணக்கம்.