வாசலில் நிற்பவர் யாரைத் தடுக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 ஜூலை 16 அன்று பெங்களூர் மாகடி சாலையில் இருக்கும் ஒரு மாலுக்கு ஹாவேரி மாவட்டத்து விவசாயி ஒருவர் மகனோடு படம் பார்க்க வந்தார். டிக்கெட் முன்பே எடுத்தாயிற்று. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பஞ்செ, அதாவது நம் வேட்டிதான். வாசலில் இருந்த செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. பேண்ட் போட்டுக்கொண்டு வந்தால் விடுவோம் என்றார்கள். அந்த வீடியோ பரவியது. மறுநாள் விவசாய சங்கங்களும் கன்னட அமைப்புகளும் வாசலில் கூடின. மால் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, அவருக்குச் சால்வை போட்டது. போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அந்த மாலை ஏழு நாள் மூடப்போவதாக அமைச்சர் பைரதி சுரேஷ் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்.

அந்த மாலில் இருந்து ஓகலிபுரமும் ஸ்ரீராமபுரமும் தூரமில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற இடங்கள். அல்சூர் பக்கம் செயின்ட் ஜான்ஸ் ரோடு லாவண்யா தியேட்டரில் லுங்கியோடு உட்கார்ந்து படம் பார்த்த மனிதர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். அன்று டிக்கெட் கிழிப்பவர் டிக்கெட்டைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. பஞ்செ கட்டிய தேவகவுடா 1996இல் இந்த மாநிலத்திலிருந்து போய்ப் பிரதமரானார். சித்தராமையா பஞ்செ கட்டிக்கொண்டு முதலமைச்சராக விதான சௌதாவுக்குள் போனார். அப்படிப்பட்ட ஊரில்தான் இது நடந்தது.

நான் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல். சம்பள பாக்கி, பிஎஃப் பிடித்தம் என்று என்னிடம் வருகிறவர்களில் செக்யூரிட்டி வேலை செய்பவர்கள் நிறைய. அதனால் இந்த விஷயத்தை வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் இடத்திலிருந்தும் எனக்குப் பார்க்கத் தெரியும்.

வாசலில் நிற்கிற பையன் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவன். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. ரிலீவர் வரவில்லை என்றால் அடுத்த ஷிஃப்டும் அவன் தலையில்தான். அவனுக்குச் சம்பளம் தருவது மால் இல்லை, ஏஜென்சி. காலையில் ரோல் காலில் வரிசையாக நிறுத்தி ஃபீல்டு ஆபீசர் சொல்வார்: "ஆளைப் பார்த்து விடுங்க. கண்டவங்களை உள்ளே விட்டா கம்ப்ளெயின்ட் வருது." எந்த ஆளை, எதைப் பார்த்து? அதைச் சொல்ல மாட்டார். எழுதியும் தர மாட்டார்கள். யாராவது ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அன்றைய சம்பளத்தில் பிடித்தம் என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்கிறார்கள். தவறாக ஒருவரைத் திருப்பி அனுப்பினால்? வீடியோ வராத வரைக்கும் ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு கணக்கில் நிற்கிறவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தடுத்துவிடுவதுதான் அவனுக்குப் பத்திரம். அவன் ஊரில் அவன் அப்பாவும் வேட்டிதான் கட்டுவார். அது தெரிந்தும் தடுக்கிறான்.

தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கென்று 2005ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய மத்திய அரசின் மாதிரி விதிகள்படி ஒரு காவலருக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி தர வேண்டும். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைச் சமாளிப்பது, வெடிபொருளை அடையாளம் காண்பது, பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை எல்லாம் அந்தப் பாடத்தில் உண்டு. ஒருவர் உடுத்தியிருப்பதைப் பார்த்து அவர் தகுதியை எடைபோடச் சொல்லும் பாடம் அதில் கிடையாது. 2008 ஜூலையில் பெங்களூரில் தொடர் குண்டுவெடிப்பு, அதே வருடம் நவம்பரில் மும்பைத் தாக்குதல். அதற்கப்புறம்தான் பையைத் திறந்து காட்டுவதும் மெட்டல் டிடெக்டர் வழியாக நடப்பதும் நமக்கெல்லாம் பழகிப்போனது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. பணக்காரர் பையும் திறக்கப்படுகிறது, ஏழை பையும் திறக்கப்படுகிறது. அந்த வேலையோடு இந்த வேலையைக் கொண்டுவந்து ஒட்டியதுதான் தப்பு.

எஸ்கலேட்டரில் வேட்டி சிக்கும், அதனால் பாதுகாப்புக்காகத் தடுக்கிறோம் என்று ஒரு வாதம் சொல்கிறார்கள். சேலையும் துப்பட்டாவும் தரை புரளும் லெஹங்காவும் அதே எஸ்கலேட்டரில்தான் ஏறுகின்றன.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். வேட்டிக்கு ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஜெயலலிதா அரசு அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரைத் தடுக்கும் கிளப்பின் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். கர்நாடகத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். ஆனால் அது போதாது.

2024 பிப்ரவரியில், மால் சம்பவத்துக்குச் சில மாதம் முன்பு, ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில் ஒரு விவசாயியை நிறுத்தினார்கள். தலையில் மூட்டை, கையில் டிக்கெட். துணி அழுக்காக இருக்கிறது என்பதுதான் காரணம். சக பயணிகள் சண்டை போட்டு அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். பிறகு மெட்ரோ நிர்வாகம் பாதுகாப்பு மேற்பார்வையாளரை வேலையை விட்டு நீக்கியது. இவர் சென்னையில் இருந்திருந்தாலும் அந்த 2014 சட்டம் இவரைக் காப்பாற்றியிருக்குமா? இவரை நிறுத்தியது மரபு உடைக்காக இல்லை, உழைத்து அழுக்கான துணிக்காக. வேட்டி என்றால் பண்பாடு என்று கொடி பிடிக்க ஆயிரம் பேர் வருவோம், வரவும் வேண்டும். பெயின்ட் பட்ட பேண்ட்டோடு, சிமென்ட் ஒட்டிய காலோடு, ரப்பர் செருப்போடு வருகிறவருக்காக யார் வருவார்கள்? அந்த மாலுக்குச் சாரம் கட்டியவரும் டைல்ஸ் ஒட்டியவரும் அவர்தான். நம் அல்சூர், மர்பி டவுன் பக்கத்து மேஸ்திரிகளில் எத்தனையோ பேர் கட்டி முடித்த கட்டடத்துக்குள் திரும்பப் போனதே இல்லை. யாரும் தடுத்ததால் இல்லை, தடுப்பார்கள் என்று தெரிந்ததால்.

கிருஷ்ணகிரியில் இருந்து கண் பரிசோதனைக்கு வந்த என் மாமாவை ஒரு மாலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். அவரை நிறுத்தவில்லை. "யார்கூட வந்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். பின்னால் வந்த என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே ஒரு காபி கூட வேண்டாம் என்றுவிட்டார். புகார் கொடுக்க இதில் என்ன இருக்கிறது? நுழைய விட்டார்களே! ஆனால் தனியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. செய்தியில் வருவது வேட்டிக்காரர் திரும்பிப் போன கதை. இப்படி உள்ளே போயும் மனசு சுருங்கிப்போனவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் மட்டும் ஒருவரைக் கடையிலோ உணவகத்திலோ கேளிக்கை இடத்திலோ தடுக்கக் கூடாது என்கிறது. உடை அந்தப் பட்டியலில் இல்லை. தனியார் இடம், எங்கள் விதி என்று சொல்லித் தப்பிக்கிற இடைவெளி அதுதான். அதனால் எனக்கு வேண்டியது வேட்டிச் சட்டத்தைவிட அகலமான ஒன்று. பொதுமக்களை அழைத்து வியாபாரம் செய்கிற எந்த இடமும் உடையையோ தோற்றத்தையோ காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. தலைக்கவசம் போல உண்மையான பாதுகாப்புக் காரணம் இருந்தால் அதை வாசலிலும் டிக்கெட்டிலும் கன்னடத்தில் அச்சிட வேண்டும். மீறினால் தண்டனை நிர்வாகத்துக்கு, சம்பளத்துக்கு நிற்கிறவனுக்கு இல்லை. இப்போது நடப்பது நேர்மாறு. முதலில் வேலை போவது வாசலில் நின்றவனுக்குத்தான். விதியைச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் வெளியே வருவதே இல்லை.

சரி, சட்டம் வரும்வரை? உங்களையோ உங்கள் கண்முன் வேறொருவரையோ நிறுத்தினால், அந்தப் பையனிடம் கத்த வேண்டாம். "எழுதின விதியைக் காட்டுங்க, மேனேஜரைக் கூப்பிடுங்க" என்று நிதானமாகக் கேளுங்கள். போக உரிமையுள்ள வழியில் ஒருவரை மறிப்பது, பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 126ஆம் பிரிவில் குற்றம். மால் வழக்கில் போலீஸ் போட்டதும் இந்தப் பிரிவுதான். டிக்கெட் வாங்கியிருந்தால் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நுகர்வோர் உதவி எண் 1915. டிக்கெட்டையும் நேரத்தையும் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் செக்யூரிட்டித் தம்பிகளே, தங்கைகளே, யாரையாவது தடுக்கச் சொன்னால் அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாட்ஸ்அப்பிலாவது அனுப்பச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் வேலைக்கு ஆபத்து வந்தால் என்னைப் போன்ற வக்கீல் கையில் எடுத்துப் பேச அந்த ஒரு மெசேஜ் போதும்.

வணக்கம்.