கேப்டன் நோலனின் குதிரைகளும் பாலக்லாவா உத்தரவும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்த கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25ஆம் தேதி, கிரிமியாவின் பாலக்லாவா சமவெளியில், பிரிட்டிஷ் 'லைட் பிரிகேட்' குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்து சிதைந்துபோனது. அந்த நாளைப் பற்றி யார் பேசினாலும் உத்தரவைக் கொண்டுவந்த அதிகாரி என்று கேப்டன் லூயிஸ் எட்வர்ட் நோலனின் பெயர் வந்துவிடும். மலைமேலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார், கையை நீட்டி எதையோ காட்டினார், சில நிமிடங்களில் செத்துப்போனார். பெரும்பாலோருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்தக் காலை நேரத்துக்கு முன்னால் இருபது ஆண்டுக் குதிரைவேலை இருக்கிறது. அதில் ஒரு நல்ல பகுதி நடந்தது நம் பக்கத்தில், சென்னை மாகாணப் படையில்.

நோலன் பிறந்தது 1818இல், கனடாவில். தந்தையும் ராணுவக்காரர், பிறகு இத்தாலியின் மிலான் நகரில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்தார். மிலான் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. ஆகவே 14 வயதில் பையன் ஆஸ்திரிய ராணுவப் பள்ளியில் சேர்ந்தான். பின்னர் அங்கேயே ஹுஸ்ஸார் எனப்படும் லேசுரகக் குதிரைப்படைப் பிரிவு ஒன்றில் அதிகாரியாகி ஹங்கேரியில் சேவை செய்தான். ஐரோப்பாவில் லேசுரகக் குதிரைப்படைக்கு ஹங்கேரிதான் தாய்வீடு. குதிரையைத் தட்டி மிரட்டாமல் படிப்படியாகப் பழக்கும் முறையை நோலன் முதலில் பார்த்தது அங்கேதான்.

1839இல் அவர் பிரிட்டிஷ் படைக்கு மாறி, 15ஆவது ஹுஸ்ஸார் பிரிவில் கார்னெட் ஆனார். குதிரைப்படை அதிகாரிக்கு அதுதான் முதல் படி. அந்தக் காலத்தில் பதவிகளைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அரசு விதித்த விலைப்பட்டியலே இருந்தது: குதிரைப்படையில் கார்னெட்டுக்கு 840 பவுன், லெப்டினென்டுக்கு 1,190, கேப்டனுக்கு 3,225, லெப்டினென்ட் கர்னலுக்கு 6,175. மேலே போகும்போது தன் பழைய பதவியை விற்று வித்தியாசத்தைக் கட்டலாம். பட்டியல் விலைக்கு மேல் கள்ளத்தனமாகக் கைமாறிய தொகையோ பல மடங்கு. லைட் பிரிகேடுக்குத் தலைமை தாங்கப்போகிற கார்டிகன் பிரபு படைப்பிரிவுத் தலைமையை இப்படிப் பெரும் பணம் கொட்டி வாங்கியவர். முதலில் வாங்கியது இதே 15ஆவது ஹுஸ்ஸாரைத்தான். அதிலிருந்து 1834இல் நீக்கப்பட்டு, பிறகு வேறொரு பிரிவை வாங்கினார். வேலை தெரிந்தவனுக்கு மேலே வேலை தெரியாதவன் உட்காரும் வழி இதுதான். நோலனின் கோபத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

15ஆவது ஹுஸ்ஸார் அப்போது பெங்களூர் கன்டோன்மென்டில் இருந்தது. நிர்வாகம் முழுவதும் சென்னை மாகாணப் படையின் கீழ். இடையில் உடல்நலம் குன்றி இங்கிலாந்து போன நோலன், மெய்ட்ஸ்டோன் குதிரைப்படை டிப்போவில் சவாரிப் பயிற்சி பெற்றுத் திரும்பி, தன் பிரிவின் ரைடிங் மாஸ்டர் வேலையைப் பார்த்தார். பிறகு சென்னைப் படைத்தலைவருக்கும், அதன்பின் சென்னை ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சருக்கும் ஏ.டி.சி.யாக, அதாவது நேர்முக உதவி அதிகாரியாக இருந்தார். பாட்டிஞ்சர் ஹாங்காங்கின் முதல் ஆளுநராக இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

ரைடிங் மாஸ்டர் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படைக்குப் புதிதாக வரும் குதிரைக்கு ரிமவுண்ட் என்று பெயர். தென்னிந்தியாவுக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பலில் வந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து 'வேலர்' குதிரைகள் வரத் தொடங்கியிருந்தன. ஓசூர் பக்கம் மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கிறதே, அதுவும் ஒருகாலத்தில் ராணுவக் குதிரை வளர்த்த இடம்தான். இப்படி வந்து சேரும் குதிரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுபாவம். பழைய முறையில் நீண்ட கயிற்றில் கட்டி வட்டம் வட்டமாக ஓடவிட்டு, களைக்கவைத்து, சவுக்கால் அடக்குவார்கள். இதில் இரண்டு கேடுகள் உண்டு. சின்ன வட்டத்தில் ஓயாமல் சுற்றும் இளங்குதிரையின் முழங்கால் மூட்டுகளும் பின்னங்கால் மூட்டுகளும் கெடும். அடுத்தது, களைப்பால் அடங்கிய குதிரை மறுநாள் தெம்பு வந்ததும் மறுபடி முரண்டும். அது எதையும் கற்றிருக்காது.

நோலன் பிரெஞ்சு சவாரி ஆசான் பிரான்சுவா பொஷேயின் முறையை எடுத்து, படைக்கு ஏற்றபடி சுருக்கி அமைத்தார். அதன் அடிப்படைக் கேள்வி இது: குதிரை ஏன் சொன்னபடி கேட்பதில்லை? பிடிவாதம் என்பார்கள். பெரும்பாலும் தாடையும் கழுத்தும் விறைத்திருப்பதுதான் காரணம். விறைத்த கழுத்துள்ள குதிரையைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். போர்வீரனுக்கோ வலக்கையில் வாள். கடிவாளத்துக்கு இடக்கை மட்டும்தான். ஒரு கையின் லேசான அசைவுக்கு வளையாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவன் எதிரிக்கு முன்னால் கை கட்டப்பட்டவன்தான்.

ஆகவே முதலில் மென்மையான வாய்க்கம்பியோடு நேர்கோட்டில் நடையும், ட்ராட் என்ற மிதமான ஓட்டமும். குதிரை ஆள் பாரத்துக்குப் பழகட்டும். அடுத்து தாடைச் சங்கிலி உள்ள ராணுவக் கடிவாளம். அதைப் போட்டதும் ஏறி உட்காருவதில்லை. பயிற்சியாளர் தரையில் குதிரைக்கு எதிரே நின்று, கழுத்தை மெல்ல வலப்பக்கம் வளைக்கிறார். குதிரை எதிர்த்து இழுக்கும். அவர் இழுக்காமல், விடாமல், பிடித்த பிடியில் நிற்கிறார். ஒரு கட்டத்தில் குதிரை தாடையைத் தளர்த்திக் கம்பியை வாயில் மென்று அசைக்கத் தொடங்கும். அந்தக் கணமே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்துவதுதான் அதற்குக் கிடைக்கும் கூலி. ஒரு நொடி தாமதித்தாலும், தான் எதற்காகப் பாராட்டப்பட்டோம் என்று குதிரைக்குப் புரியாது. வலது, இடது, பிறகு தலையை உள்ளே வாங்குவது என்று இதைத் தினம் செய்து, அதன்பிறகே மேலே ஏறி அதே பாடத்தை நின்ற இடத்தில் திரும்பச் செய்ய வேண்டும்.

கழுத்துக்குப் பிறகு பின்பகுதி. சவாரி செய்பவன் இடது காலால் அழுத்தினால் பின்பகுதி வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். வலது காலுக்கு எதிர்ப்பக்கம். முதல் நாள் ஓர் அடி ஒதுங்கினாலே நிறுத்தித் தட்டிக்கொடுக்க வேண்டும். பின்னோக்கி நடத்துவதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். எடுத்தவுடன் கடிவாளத்தை இழுக்கிறார்கள். நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கும்போது வாயை இழுத்தால் பாரம் முழுவதும் பின்னங்கால்மேல் விழுந்து அதை ஆணியடித்ததுபோல நிறுத்திவிடும். குதிரை தலையைத் தூக்கும், துள்ளும், முன்னங்கால்களைத் தூக்கி எழும்பவும் செய்யும். முதலில் காலால் லேசாக அழுத்தி ஒரு பின்னங்கால் தரையைவிட்டு எழும்படி செய்ய வேண்டும். அது எழுந்த அதே கணம் கடிவாளம் பிடித்த கையை இறுக மூடினால், குதிரை தானாகப் பின்னே கால் வைக்கும். இதெல்லாம் எதற்கு? நின்றுகொண்டிருக்கும் குதிரை தன் எடையில் பாதிக்கு மேலானதை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. அந்தப் பாரத்தைப் பின்னே வாங்கக் கற்றால்தான் ஓட்டத்திலேயே நிற்கவும், பின்னங்காலை ஊன்றித் திரும்பவும் முடியும். வாள்சண்டையில் முதலில் திரும்புகிறவன் பிழைக்கிறான்.

பாடங்களைச் சிறியனவாக, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில்லாமல் நடத்தியதால் குதிரைகள் பழைய முறையைவிடக் குறுகிய காலத்தில் அணிவகுப்புக்குத் தயாராயின. ஊனமாகிக் கழிக்கப்பட்டவையும் குறைந்தன. இந்த அனுபவத்தை 1852இல் ஒரு கையேடாகவும், 1853இல் குதிரைப்படையின் வரலாறும் போர்முறையும் பற்றிய பெரிய நூலாகவும் இங்கிலாந்தில் வெளியிட்டார்.

அந்தப் பெரிய நூலில் வாள் பற்றிய பகுதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரு சண்டையில் ஏற்படுத்திய வெட்டுக் காயங்கள் பயங்கரமானவை என்று கேள்விப்பட்டு, என்ன வாள் வைத்திருக்கிறார்கள் என்று நோலன் விசாரித்தார். பார்த்தால், அத்தனையும் பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய வாள்கள்! கைப்பிடியை மட்டும் தங்கள் பாணியில் மாற்றி, சவரக்கத்திபோலத் தீட்டி வைத்திருந்தார்கள். ரகசியம் உறையில் இருந்தது. அவர்களுடையது மரஉறை. பிரிட்டிஷ் வீரனுடையது இரும்பு உறை. ஒவ்வொரு அணிவகுப்பிலும் வாளை உருவி உருவிச் செருகும்போது கூர் விளிம்பு இரும்பில் உரசி மழுங்கும். குதிரை ட்ராட் போகும்போதெல்லாம் உள்ளேயே குலுங்கி மழுங்கும். நிஜாம் வீரர்கள் சண்டையில் தவிர வாளை உருவுவதே இல்லை. எப்படி வெட்டப் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கூரான வாள் யார் கையிலும் வெட்டும், தனிப் பயிற்சி எதற்கு என்று பதில் கிடைத்ததாக எழுதுகிறார். இந்தியச் சிப்பாயிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்று அச்சில் எழுதிய பிரிட்டிஷ் அதிகாரிகள் அன்று அதிகமில்லை.

குதிரைமேல் ஏற்றும் பாரத்தையும் அவர் விடவில்லை. ஆள், சேணம், வாள், கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி, மேலங்கி, தீவனம் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். இதற்குமேல் இறுக்கமான கால்சட்டை, தோளில் தொங்கும் அலங்கார மேற்சட்டை. பாரத்தைக் குறைத்து, உடையைத் தளர்த்து என்று எழுதினார். தானே ஒரு சேணத்தையும் வடிவமைத்தார். சதுர வியூகத்தில் நிற்கும் காலாட்படையைக் குதிரைப்படையால் உடைக்க முடியும் என்றும் வாதாடினார். 1812இல் ஸ்பெயினின் கார்சியா ஹெர்னாண்டஸில் அடிபட்ட ஒரு குதிரை வியூகத்தின்மேலேயே விழுந்து வழி திறந்தது உண்மை. ஆனால் அது விதிவிலக்கு. துப்பாக்கி துல்லியமாகிக்கொண்டிருந்த காலத்தில் இந்த நம்பிக்கை மிகையானது என்பதே என் கருத்து.

1854இல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியதும் அவரைச் சிரியா பக்கம் அனுப்பிக் குதிரை வாங்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 300 குதிரைகளோடு பல்கேரியாவின் வார்னா முகாமுக்கு வந்தார். பிறகு படையின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் ஏரி என்ற அதிகாரியின் ஏ.டி.சி. ஆனார். கிரிமியாவில் குதிரைப்படைத் தளபதி லூக்கன் பிரபு வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் படையைச் சும்மா நிறுத்திவைத்தார் என்று நோலன் வெளிப்படையாகவே குமுறினார். லூக்கனும் கார்டிகனும் மைத்துனர்கள். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அக்டோபர் 25 காலையில் ரஷ்யர்கள், சமவெளியை இரண்டு பள்ளத்தாக்காகப் பிரிக்கும் காஸ்வே மேட்டிலிருந்த துருக்கியக் காவல் அரண்களைப் பிடித்து, அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைப் பீரங்கிகளையும் கைப்பற்றினார்கள். தலைமைத் தளபதி ராக்லன் பிரபு நின்ற சபூன் மேடு சமவெளியைவிட 600 அடிக்கு மேல் உயரம். அங்கிருந்து அந்தப் பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போக ஆயத்தமாவது தெரிந்தது. ஏரி பென்சிலால் உத்தரவை எழுதினார்: குதிரைப்படை வேகமாக முன்னேறி, எதிரியைத் தொடர்ந்து, பீரங்கிகளைக் கொண்டுபோகவிடாமல் தடுக்க வேண்டும், இடப்பக்கம் பிரெஞ்சுக் குதிரைப்படை உள்ளது, உடனே. எந்தப் பீரங்கிகள் என்று எழுதவில்லை. முறைப்படி கொண்டுபோக வேண்டியவர் வேறொரு அதிகாரி. சரிவு செங்குத்து என்பதால் ராக்லன் நோலனைக் கூப்பிட்டார். இறங்கும்போது, உடனே தாக்கச் சொல் என்று பின்னாலிருந்து குரலும் கொடுத்தார்.

கீழே நின்ற லூக்கனுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. மேடு மறைத்தது. எதைத் தாக்குவது, எந்தப் பீரங்கி என்று கேட்டார். நோலன் கையை வீசி, அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள் என்றார். கை வடக்குப் பள்ளத்தாக்கின் கோடியைக் காட்டியது என்று லூக்கன் பின்னால் சொன்னார். அங்கே ஒரு முழு ரஷ்யப் பீரங்கி அணி. தளபதிக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது ஒரு திசை. நோலன் கொடுத்தது ஏளனம். அவர்மேல் உள்ள குற்றம் இது. அதே சமயம், சந்தேகம் இருக்கும்போது திரும்பக் கேட்காத குற்றம் லூக்கனுடையது. தெளிவில்லாமல் எழுதிய குற்றம் ஏரியுடையதும் ராக்லனுடையதும்.

ஏறக்குறைய 670 பேர் புறப்பட்டார்கள். நோலன் தன் நண்பர் கேப்டன் மாரிஸ் தலைமையிலான 17ஆவது லான்சர்களோடு, அதாவது ஈட்டி ஏந்திய குதிரைப்படைப் பிரிவோடு சேர்ந்துகொண்டார். அணி ட்ராட்டுக்கு வந்தபோது அவர் திடீரென்று முன்னே பாய்ந்து, கார்டிகனுக்கு முன்னால் குறுக்கே போய், வாளை ஆட்டிக் கத்தினார். போக வேண்டிய தூரம் அதிகம், நிதானம் வேண்டும் என்று மாரிஸ் கூவினார். கிட்டத்தட்ட அதே நேரம் பள்ளத்தாக்கின் வடபுறத்து ஃபெடியுகின் குன்றுகளிலிருந்து வந்த குண்டின் சில்லு நோலனின் மார்பில் பாய்ந்தது. வயது 36. அணியை வலப்பக்கம், காஸ்வே மேட்டை நோக்கித் திருப்பப் பார்த்தாரா, ஆவேசத்தில் முந்தினாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. குறுக்கே போன பாதையை வைத்துப் பார்த்தால், திருப்ப முயன்றார் என்பதையே நான் நம்புகிறேன். பத்து நிமிடத்துக்குள் 2 கிலோமீட்டர் கடந்து பீரங்கிகளை எட்டிய அந்தப் படையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குதிரைகள் முந்நூறுக்கு மேல்.

பென்சிலால் எழுதிய அந்தக் காகிதம் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்டிகன் 1855இல் குதிரைப்படையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். லூக்கன் பின்னாளில் ஃபீல்டு மார்ஷல். பதவிகளை விலைக்கு விற்கும் வழக்கம் 1871இல் ஒழிந்தது. நோலனின் போர்முறை நூல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல், தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் மறுபதிப்பாக வந்தது.

நன்றி, வணக்கம்.